காற்று புரட்டிய பக்கம்

ஸ்கூட்டர் எங்கள் வாசலில் வந்து நின்றபோது காலை பதினொரு மணி இருக்கும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. பால்காரர் விடியும்போதே வந்து போய்விடுவார். என் கணவர் கோழித்தீவன ஆலையில் எலக்ட்ரீஷியன்; அவர் திரும்ப மாலை ஆறாகும்.

நான் பலகையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். ஏழு பேரும் அந்த நொடியே அடங்கினார்கள். ஒன்றரை வயதுச் சின்னவன்கூடத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். பிள்ளைகள் அதற்குப் பழகியிருந்தார்கள். இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆடி மாதம். காற்று வீட்டைச் சுற்றிச் சுற்றி அடித்தது. குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலையின் புளித்த வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது.

"வீட்ல யாரும் இல்லையாம்மா?" என்று வெளியே ஒரு பெண்குரல்.

கதவைத் திறந்தேன். கையில் நீளமான பதிவேடு, தோளில் நீலப் பை. எங்கள் ஊர் அரசு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை புவனேஸ்வரி டீச்சர். பார்த்திருக்கிறேனே தவிர, பேசியதில்லை.

"பள்ளிக்கூடம் போகாத பிள்ளைங்களக் கணக்கெடுக்கறோம். இந்த வீட்ல அஞ்சாறு பேர் இருக்காங்கன்னு சொன்னாங்க" என்றார்.

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன்.

ஒன்பதிலிருந்து நாலு வரை

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்கள் வீடு எப்போதும் இப்படிச் சந்தோஷமாகத்தான் இருக்குமா?" இல்லை அம்மா. பாட்டு இருந்தது. அதோடு பயமும் இருந்தது.

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைப்பது தப்பா இல்லையா என்று எங்களுக்கு யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. ஒருவர் பரவாயில்லை என்பார். இன்னொருவர் போலீஸே வரும் என்பார். அதனால் நாங்களாகவே சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம்.

காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை பிள்ளைகள் ரோட்டுப் பக்கம் போகக் கூடாது. கடைக்குப் போவதென்றால் நாலரைக்கு மேல்தான். வேலை நாட்களில் கீபோர்டு சத்தத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். யாராவது "இன்னிக்குப் பள்ளிக்கொடம் இல்லீங்களா சாமி?" என்று கேட்டால், "ஊட்லயே படிக்கிறோமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். நின்று பேசக் கூடாது.

ஒருமுறை மளிகைக் கடையில் என்னைக் கேட்டபோது, "காச்சலுங்க" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற என் மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்று குடும்ப ஜெபத்தில் யாரும் கேட்காமலே மன்னிப்புக் கேட்டேன்.

கிழமை தெரியாத பெண்

பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்பீர்கள். நானே பள்ளி ஆசிரியையாக இருந்தவள்தான்.

எங்கள் பக்கத்தில் விடுதிப் பள்ளிகள் அதிகம். மதிப்பெண்ணுக்காக மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். அப்படி ஒரு பள்ளியில் ஆறு வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன். விடியற்காலைப் படிப்புக்கு மேற்பார்வை என் பொறுப்பு. வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஈரத் தலை, தேங்காயெண்ணெய் வாசனை, பாதி மூடிய கண்கள்.

ஒரு நாள் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள். சந்தேகம் கேட்கப் போகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். "மிஸ், இன்னிக்கு என்ன கிழமை?" என்றாள். அவளுக்கு எல்லாச் சூத்திரமும் தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது தெரியவில்லை.

அந்த வருடம் முடிந்ததும் வேலையை விட்டேன். மூத்தவள் ஜெபாவுக்கு அப்போது நாலு வயது. "நம்ம பிள்ளைகளை நாமளே பாத்துக்கலாம்" என்றேன். என் கணவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "செரி மேரி, பாத்துருவோம்" என்றார். அவ்வளவுதான் எங்கள் ஆலோசனை.

ஜெபாவுக்குப் பிறகு ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். பெரியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பேன். சின்னவர்களுக்கு ஜெபா எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். பிறகு அவர்கள் என்னிடம் வருவார்கள்.

நாலாவது குரல்

எங்கள் நாள் பாட்டில்தான் தொடங்கும். என் கணவர் சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடியவர். பல் தேய்த்துவிட்டு வந்ததும் கீபோர்டில் ஒரு சுரம் கொடுப்பார். ஆளுக்கொரு பாட்டுப் புத்தகத்தோடு பிள்ளைகள் நிற்பார்கள். மூத்தவள் மேல்குரல், பையன்கள் நடுவில், எல்லோருக்கும் கீழே அவர்.

நாலாவது பிள்ளை கிருபா. அந்த வருடம் அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய காது எங்களில் யாருக்கும் கிடையாது. ஒரு பாட்டை இரண்டுமுறை கேட்டால் போதும். வரியும் ராகமும் ஒட்டிக்கொள்ளும். சமையலறையில் குக்கர் விசில் அடித்தால் அது எந்தச் சுரம் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அக்கம்பக்கத்துச் சபைகளிலிருந்து எங்களைப் பாடக் கூப்பிடுவார்கள். ஏழு பிள்ளைகளும் படிக்கட்டு மாதிரி வரிசையாக நிற்பதைப் பார்க்கவே கூட்டம் வரும். முடிந்ததும் யாராவது கிருபாவின் கன்னத்தைத் தொட்டு, "இந்தப் பாப்பாவுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடமாட்ட இருக்குதுங்களே" என்பார்கள். நான் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன்.

"நீங்க ஒருக்கா படிச்சுக் காட்டுங்க"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிள்ளைகளின் பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டார். வாழப்பாடிப் பக்கத்துப் பெண்மணி. எதற்கும் மரியாதையாக 'ங்க' சேர்க்கும் எங்கள் வழக்கம் அவர் பேச்சில் இல்லை. ஆனால் குரலில் அதிகாரமும் இல்லை.

"பிள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு பாக்கலாமா?" என்றார்.

ஜெபா திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்கான தன் நோட்டுகளைக் காட்டினாள். அடுத்தவன் கணக்குப் போட்டுக் காட்டினான். அடுத்தவள் ஆங்கிலம் படித்தாள். டீச்சர் முகம் மலர்ந்தது. 

"நீ வா கண்ணு. உனக்குப் பிடிச்ச பாடத்தப் படி."

கிருபா தன் தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். குளத்தின் படம் போட்ட பாடத்தைத் திறந்து, கைகளில் ஏந்திக்கொண்டு, நல்ல ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். எங்கும் தடங்கல் இல்லை. கதவருகே நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பெரிய காற்று அடித்தது. பலகைக்குப் பக்கத்திலிருந்த தாள்கள் பறந்தன. கிருபாவின் கையிலிருந்த புத்தகத்தில் நாலைந்து பக்கங்கள் புரண்டு, ரயில் படம் போட்ட வேறொரு பாடம் வந்து நின்றது.

கிருபா படிப்பதை நிறுத்தவில்லை. ரயில் படத்தைப் பார்த்துக்கொண்டே, குளத்தில் கொக்கு மீன் பிடிப்பதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் பதிவேட்டின் ஓரத்தில் மூன்று வார்த்தைகளை எழுதி அவள் பக்கம் திருப்பினார். தட்டு, மாடு, பழம். "இது என்ன கண்ணு?"

கிருபா தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். காதோரம் வியர்த்திருந்தது. பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "டீச்சர், நீங்க ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. அப்பறம் நான் சொல்லீர்றனுங்க."

டீச்சர் பேனாவை மூடினார். கிருபாவின் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

"வெள்ளிக்கிழமை வரேன்மா. அதுக்குள்ள நீங்களும் யோசிங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அன்று செவ்வாய்க்கிழமை.

ஜெபாவுக்குத் தெரிந்திருந்தது

மத்தியானம் ஜெபாவைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியுமுங்கம்மா" என்றாள்.

"எப்போருந்து?"

"போன வருசத்துலருந்து. எழுத்தெல்லாம் தனித்தனியாச் சொல்லுவா. சேத்துப் படின்னா வராது. நேத்துப் படிச்ச வார்த்தையே இன்னிக்குப் புதுசாத் தெரியுதுங்கறா. தம்பியப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குவா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் துணியைப் பிழிந்தாள். "நீங்க பயந்துக்குவீங்கன்னுதான். நீங்க பயந்தா ஊடே பயந்துக்குதுங்கம்மா."

பதினைந்து வயதுப் பெண். தங்கையையும் என்னையும் சேர்த்து அவள் ஒரு வருடமாகத் தூக்கிச் சுமந்திருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

மாலை என் கணவர் வந்ததும் சொன்னேன். சட்டைகூடக் கழற்றாமல் கேட்டார். "சில பிள்ளைகளுக்கு லேட்டாத்தான் வரும் மேரி. எனக்கும் அப்படித்தான்" என்றார். ஆனால் அன்று அவர் கீபோர்டைத் திறக்கவில்லை.

எனக்கு அன்றைக்கு இருந்த பயத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். கிருபாவுக்குப் படிக்க வரவில்லையே என்ற பயம் இரண்டாவதுதான். இந்த ஒருத்தியைக் காரணம் காட்டிப் பள்ளி வயதிலிருந்த ஐந்து பேரையும் இழுத்துப் போய்விடுவார்களே என்பதுதான் முதல் பயம்.

வாழப்பாடி பஸ்

வியாழக்கிழமை காலை கிருபாவின் துணிகளை ஒரு பையில் போட்டேன். வாழப்பாடியில் என் தங்கை இருக்கிறாள். பத்து நாள் அங்கே இருக்கட்டும். டீச்சர் வந்தால், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். என் கணவரிடம் சொல்லவில்லை, அவர் வேலைக்குப் போன பிறகுதான் கிளம்பினேன். ஜெபா மட்டும் வாசலில் நின்று பார்த்தாள்.

எங்கள் ஊரான புதுச்சத்திரத்தில் பஸ் ஏறி சேலம் போய்ச் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். வெயிலுக்குக் கிருபா தண்ணீர் கேட்டாள். எதிர் வரிசையில் வாழப்பாடி பஸ் நின்றது. இடம் கிடைக்காதே என்ற அவசரத்தில், "கண்ணு, அந்த வாழப்பாடி பஸ்ல ஏறி எடம் போட்டு வெய்யி. தண்ணி வாங்கிட்டு வந்தர்றேன்" என்று கையைக் காட்டிவிட்டுக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்து பஸ்ஸில் ஏறினேன். அவள் இல்லை.

கடைசி சீட் வரை பார்த்தேன். இறங்கி அடுத்த பஸ்ஸில் பார்த்தேன். அதற்கடுத்ததிலும் இல்லை. "கிருபா" என்று கூப்பிட்டேன். நாலு பக்கமும் கண்டக்டர்கள் ஊர்ப்பேர் கூவுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர்ப் பாட்டில் எங்கே விழுந்தது என்று தெரியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கையைக் காட்டிய இடத்தில் நாலு பஸ்கள் நின்றன. எதில் வாழப்பாடி என்று எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அது தெரிந்தும், அவள் அம்மாவாகிய நான் அவளை அங்கே அனுப்பியிருந்தேன்.

ஒரு பூக்காரம்மா என் கையைப் பிடித்து, "வெளிய போற வழில போயிப் பாருங்க, வண்டி எல்லாம் அங்கதான் திரும்பும்" என்றார். ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது. விட்டுவிட்டு ஓடினேன்.

வெளியேறும் வழியில், நாமக்கல் போகும் பஸ் ஒன்று ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அதன் படியருகே காக்கிச் சட்டை கண்டக்டர் ஒருவர், கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க கொழந்தைங்களா? டிக்கெட் கேட்டா வாழப்பாடிங்குது. வண்டி நாமக்கல் போகுது. போர்டு பாத்து ஏறக்கூடாதா சாமின்னு கேட்டா அழுவுது" என்றார். திட்டுகிற குரல் இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

கிருபா என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் வயிற்றில் தெரிந்தது.

"பாத்தேனுங்கம்மா. நெசமாலுமே போர்டப் பாத்தேன். 'வா' இருக்குதுன்னு நெனச்சேன். அது 'நா'வாட்ட இருக்குதுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னைய ஒளிச்சு வெக்கத்தான கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள்.

நாமக்கல் வண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அந்தக் கண்டக்டரிடமே, "ரெண்டு பேருக்கும் புதுச்சத்திரம் குடுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை

டீச்சர் சொன்னபடி வந்தார். அன்று என் கணவர் லீவு போட்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் நடந்ததை அவரையும் வைத்துக்கொண்டே டீச்சரிடம் சொன்னேன். ஒளித்துவைக்கக் கூட்டிப் போனதையும் சொன்னேன்.

டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். பிறகு சொன்னார்: "இவளுக்கு என்னன்னு எனக்கும் சரியாச் சொல்லத் தெரியலம்மா. புத்தி இல்லாம இல்ல. கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவுல எங்கயோ சிக்குது. வாரத்துல ஒரு நாள் சிறப்பு டீச்சர் ஒருத்தர் எங்க பள்ளிக்கு வராங்க. ஆனா இவ பேர் எங்க ரெஜிஸ்டர்ல இருந்தாத்தான் அவங்க பாப்பாங்க."

"மத்தவங்கள என்னங்க பண்ணுவீங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"படிக்கிறாங்கன்னு எழுதுவேன். கண்ணால பாத்தத எழுதறதுதானே. மேல என்ன சொல்வாங்களோ, எனக்குத் தெரியாது."

அந்தத் தாள் மேலே போய் என்ன ஆனது என்று எங்களுக்கும் இன்றுவரை தெரியாது. ஒரு வருடம் வரை, வாசலில் எந்த வண்டி நின்றாலும் என் கை சாக்பீஸைக் கீழே வைத்துவிடும்.

கிருபா திங்கட்கிழமை பள்ளிக்குப் போனாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். முதல் நாள் நான் பள்ளிச் சுற்றுச்சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றேன். பக்கத்து வீட்டுக் கண்ணம்மா அக்கா தோட்டத்திலிருந்து வந்தவர் என்னோடு நின்றார். "டீச்சருகிட்ட நான்தான் சொன்னேன் மேரி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. அந்தப் புள்ளையக் கடைல சீட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டாங்க, முழிச்சுட்டு நின்னுது. எனக்கு மனசு கேக்கல" என்றார்.

என்னிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. பகலில் எங்கள் கதவு யாருக்குத் திறந்திருந்தது?

சிறப்பு டீச்சர் மணலில் எழுதவைத்தார், களிமண்ணில் எழுத்து பிடிக்கவைத்தார். வரியை விட்டு வேறெதுவும் தெரியாதபடி ஒரு அட்டையை வெட்டிக் கொடுத்தார். சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டெழுத்து வார்த்தைகள் வந்தன. அதற்கே ஒரு வருடம் ஆயிற்று.

அறுப்புப் பண்டிகை

சமீபத்தில் எங்கள் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்புப் பண்டிகை ஆராதனை. கிருபாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. வேதபாடம் வாசிக்கத் தானே பெயர் கொடுத்திருந்தாள். வீட்டில் அவள் சத்தமாக வாசித்துப் பழகினாள். நன்றாகத்தான் இருந்தது. ரொம்பவும் நன்றாக இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகம். காதால் பிடித்து வைத்துக்கொண்டாளோ என்று யாரிடமும் கேட்கவும் முடியவில்லை.

ஆராதனை தொடங்கும் முன் போதகர் அவளைக் கூப்பிட்டு, "அந்தப் பகுதி போன வாரமே வாசிச்சாச்சு கண்ணு. இத வாசிச்சிரு" என்று வேறு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். முன்வரிசையில் இருந்த எனக்கு அது காதில் விழுந்தது. கீபோர்டில் உட்கார்ந்திருந்த ஜெபாவைப் பார்த்தேன். அவளும் கேட்டிருந்தாள்.

கிருபா மேடையேறினாள். விரலை வரியின் கீழே வைத்தாள். முதல் வாக்கியம் மெதுவாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"கலஞ்..." என்றாள். நிறுத்தினாள். பின்னால் ஒரு குழந்தை சிரித்தது. யாரோ இருமினார்கள். நான் என்னையறியாமல் எழுந்துகொள்ளப் போனேன். என் கணவர் முழங்கையைப் பிடித்து, "உக்காரு" என்றார், உதடு அசையாமல்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள். "க... ள... களஞ்... களஞ்சியங்களும்" என்றாள். பிறகு முழு வரியையும் மறுபடி வாசித்து, மேலே போனாள்.

மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அப்படித் தடுமாற மாட்டார்கள். அந்தத் தடுமாற்றத்தைக் கேட்ட பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் முகம் வாடியிருந்தது. "அந்த எடத்துல நின்னுட்டனுங்கம்மா. எல்லாரும் பாத்தாங்க" என்றாள்.

"ஆமா கண்ணு. நானும் பாத்தேன்" என்றேன்.